இருபதாவது நிமிடத்தில் அணையும் கணினி

(வட்டார வள மையம் ஒன்றில் நடைபெற்ற கணினிப் பராமரிப்புப் பயிற்சியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகான வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தூக்கம் வரும் நேரம். எனவே பாடமாக எதையும் நடத்தாமல், கடந்த கோடை விடுமுறையில் என் வீட்டுக் கணினி ஐந்து வாரம் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். கணினி செய்த தவறைவிட நான் செய்த தவறுகள் அதில் அதிகம். அவற்றை மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

அது 2015இல் வாங்கிய கணினி. இன்டெல் ஐ5 4460 செயலி, 4 ஜிபி ரேம் இரண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகன் புதிய கணினி வாங்கியபோது, தன்னிடமிருந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டை என் மகனுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து வீட்டுக் கணினி விளையாட்டுக் கணினியாயிற்று. மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான்.

ஏப்ரல் கடைசியில் தொல்லை தொடங்கியது. கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் புதிதாக ஆரம்பித்திருந்தான். பதினைந்து, இருபது நிமிடம் ஓடும். திடீரென்று திரை கறுத்து, கணினி அணைந்து, தானே மறுபடி தொடங்கும். நீலத்திரை இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

நான் என்ன செய்தேன்? நம்மில் பலர் செய்வதைத்தான். "கண்டதையும் டவுன்லோட் பண்ணி வச்சிருப்ப. வைரஸ் வந்திருக்கும்" என்றேன். "இல்லப்பா, மைன்கிராப்ட் மணிக்கணக்கா ஓடுது. இந்த கேம்ல மட்டும்தான் ஆஃப் ஆகுது" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. எது செய்யும்போது கெடுகிறது, எது செய்யும்போது கெடவில்லை என்று அவன் பிரித்தே சொல்லிவிட்டான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து நான் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறையில் இருப்பவன் நான்.

அன்று மாலையே கணினியை பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அதற்கு முன், பொறுப்பாக, டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். மறுநாள் மகன் மைன்கிராப்ட்டைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

மைன்கிராப்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கனசதுரக் கட்டிகளை அடுக்கி வீடு, தெரு, ஊர் என்று கட்டும் விளையாட்டு அது. அவன் இரண்டு ஆண்டாக அதில் கட்டிக்கொண்டிருந்தது என் அம்மாவின் ஊர் வீட்டை. திண்ணை, முற்றம், கொல்லைக் கிணறு, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில். அம்மா காலமான பின் அந்த வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் இடித்துக் கட்டிவிட்டார். அவன் நினைவிலிருந்து கட்டியிருந்தான். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கணினியில் அந்த விளையாட்டு தன் உலகங்களைச் சேமிப்பது டாக்குமென்ட்ஸில் அல்ல, ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று நாம் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். பல மென்பொருள்கள் தங்கள் தரவை அங்குதான் வைக்கின்றன. பள்ளியில் எந்தக் கணினியை பார்மட் செய்வதானாலும் அதைப் பயன்படுத்துபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்தேன். பழைய வன்தட்டாக இருந்தால் எதாவது தேறியிருக்கும். எங்களுடையது எஸ்எஸ்டி, அழிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும். ஒன்றும் வரவில்லை.

அவன் கத்தவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்தக் கார் விளையாட்டை மட்டும் நிறுவி ஓட்டிக் காட்டினான். இருபதாவது நிமிடத்தில் கணினி அணைந்தது. "வைரஸாப்பா?" என்றான்.

அதன் பிறகுதான் நான் ஆசிரியராக நடந்துகொள்ளத் தொடங்கினேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தேன். எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, தொடங்கி எத்தனை நிமிடம், கடைசியாக எதை மாற்றினோம் என்று நான்கு பத்தி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. ஒவ்வொரு முறையும் "கெர்னல்-பவர் 41" என்ற பதிவு இருந்தது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் மின்சாரக் கோளாறு என்று பாயக் கூடாது. முறையாக நிறுத்தப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். சுவிட்சை நாமே பிடுங்கினாலும் அதே பதிவுதான் வரும். ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்று ஓர் எண் இருக்கும். எங்களுக்கு அது பூஜ்யம். அதாவது விண்டோஸ் பிழையைக் கண்டு நீலத்திரை காட்டி நிற்கவில்லை. எழுதுவதற்கே அவகாசம் இல்லாமல் போயிருக்கிறது. டிரைவர் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் ஒரு குறிப்பாவது மிஞ்சும்.

அடுத்து வெப்பம். எச்டபிள்யூஇன்போ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் விளையாடும்போது செயலி 96 டிகிரி. கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், செயலியின் பேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. பேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் துடைத்தோம். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தோம். 96 டிகிரி 71 ஆனது. கணினி அப்போதும் இருபதாவது நிமிடத்தில் அணைந்தது!

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறோம். நாங்கள் கண்டது உண்மையான கோளாறுதான், ஆனால் தேடி வந்த கோளாறு அது அல்ல. இந்தச் செயலி நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் கணினி அணையும் முன் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதை நோட்டிலேயே மகன் எழுதியிருந்தான்: "ஸ்லோ ஆகவில்லை. டக்கென்று."

பிறகு ரேம். மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் பிழை பூஜ்யம். ரேமைக் கழற்றித் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டும் நம்மூர் வைத்தியத்தையும் செய்தோம். மாற்றம் இல்லை.

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. "புதுசு வாங்கிடலாமே" என்றார் என் மனைவி. கடைக்காரத் தம்பி மதர்போர்டைக் கைகாட்டினார். பழையதற்கு மதர்போர்டு கிடைக்காது, மொத்தமாக மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றார். அவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போது மகன் கேட்டான்: "அப்பா, பிராசஸரையும் கார்டையும் தனித்தனியா ஓடவிட்டுப் பாத்தா என்ன?" எட்டாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கும் சோதனை முறைதான். எனக்குத் தோன்றவில்லை. பிரைம்95 செயலிக்கு மட்டும் முழு வேலை கொடுக்கும். ஒரு மணி நேரம் ஓடியது, அணையவில்லை. பர்மார்க் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் முழு வேலை கொடுக்கும். கால் மணி நேரம் ஓடியது, அணையவில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். நாற்பதாவது வினாடியில் இருட்டு.

தனியாக இரண்டும் நலம், சேர்ந்தால் நலமில்லை. இரண்டுக்கும் பொதுவானது எது? சோறு போடுகிறவர். எஸ்எம்பிஎஸ்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளை டார்ச் அடித்துப் படித்தோம். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை. 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். பத்தாம் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 12 பெருக்கல் 16, 192 வாட். செயலியும் கார்டும் பெரும்பகுதி வாங்குவது இந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். செயலியின் அளவு 84 வாட், கார்டின் அளவு 120 வாட். கூட்டினால் 204. மகன் கூட்டிவிட்டு என்னைப் பார்த்தான். அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

அப்படியானால் இரண்டு ஆண்டு எப்படி ஓடியது? அவன் முன்பு ஆடியவை இரண்டையும் ஒருசேர முழுதாக வேலை வாங்கும் விளையாட்டுகள் அல்ல. அதோடு, உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் வேகமாக மூப்படையும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்று ஒரு கணக்கு உண்டு. காற்றுத் துளை வழியே டார்ச் அடித்தபோது இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது தெரிந்தது. நல்லதாக இருந்தால் தட்டையாக இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள், மாணவர்களைத் திறக்க விடாதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேராக்கினால் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்தேக்கியில் சிறிது நேரம் தங்கியிருக்கும். பழுது பார்க்கும் பொருள் அல்ல அது; மாற்றும் பொருள்.

வாங்கும் முன் சரிபார்க்க, சக ஆசிரியர் ஒருவரின் கணினியிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கி மாட்டினோம். இரண்டு சோதனைகளையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். அணையவில்லை. அதன் பிறகே 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் புதியதை வாங்கினோம். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். நாற்பதாயிரம் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். "முதல் நாளே புள்ள சொன்னதக் கேட்டிருந்தா அஞ்சு வாரமும் மிச்சம்" என்றார்.

உங்கள் பள்ளி ஆய்வகக் கணினிகளை நீங்கள் திறக்கத் தேவையில்லை. பராமரிப்பவரிடம் புகார் கொடுத்தால் போதும். ஆனால் புகாரில் "கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் வருபவரும் என்னைப் போலத்தான் பார்மட் செய்துவிட்டுப் போவார். எந்தக் கணினி, எத்தனை நிமிடத்தில், என்ன ஓடியபோது, நீலத்திரை வந்ததா என்று எழுதுங்கள். ஆய்வகத்தில் ஒரு நோட்டு போட்டு மாணவர்களிடமே கொடுங்கள். நம்மைவிட அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். மாணவர்களையும் கணினியையும் ஒப்பிட்டு நான் ஏதாவது சொல்வேன் என்று சிலர் பேனாவைத் திறந்திருப்பது தெரிகிறது. மூடிவிடலாம், அப்படி ஒன்றும் இல்லை.

மகன் அந்த வீட்டை மறுபடி கட்ட ஆரம்பித்திருக்கிறான். இம்முறை வாரா வாரம் பென்டிரைவில் நகல் எடுக்கிறோம். போன வாரம் திண்ணையில் எத்தனைத் தூண் என்று கேட்டான். அவனுக்கு நான்கு என்று நினைவு. நான் பிறந்து வளர்ந்த வீடு, ஐந்து என்று அடித்துச் சொன்னேன். அக்காவுக்குப் போன் போட்டோம். ஆறு என்றார். இப்போதைக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறான். என் சித்தப்பாவிடம் பழைய கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கிறதாம். வரும் சனிக்கிழமை இருவரும் போகிறோம்.