வாத்தியார் வேலைக்கே திரும்பியவர்

மதுரை புதுநத்தம் சாலையில கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. 2023 ஜூலை 15-ந் தேதி திறந்தாங்க. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, பார்வையற்றவங்களுக்குத் தனிப் பகுதின்னு எல்லாம் உண்டு. இந்த மாதிரி இடத்துல வேலை பார்க்கிறவங்களுக்குப் புத்தகம் அடுக்கவும் தெரியணும், குழந்தைக்குக் கதை சொல்லவும் தெரியணும்.

இதுக்கெல்லாம் பயிற்சி வேணுமான்னு கேட்பீங்க. வேணும்னு புரிஞ்சுக்கிட்ட ஒருத்தரோட கதை இது.

சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒரு கணக்கு வாத்தியார். 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த கொஞ்ச நாள்லயே சலிச்சுப் போச்சு. பழைய வேலைக்கே போறேன்னார். "முதல்ல லண்டன் போய்ப் படிச்சுட்டு வாங்க. அப்பவும் பிடிக்கலைன்னா பார்த்துக்கலாம்"ங்கிற மாதிரி சமாதானம் சொல்லி அனுப்பினாங்க. அங்கே பல நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். மக்களை வாழவைக்கிற இடம் இதுன்னு புரிஞ்சுது.

திரும்பி வந்து, சொன்ன மாதிரியே வாத்தியார் ஆனார். நூலகர்களுக்கு வாத்தியார்! 1929-ல சென்னை நூலகச் சங்கம் மூலமாப் பயிற்சி வகுப்பு தொடங்கினார்.

பயிற்சி எடுத்த நூலகர் எப்படி இருப்பார்னு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஒரு நூலகத்துல ஒருத்தர், "ஞாபக சக்தியை வளர்க்கிற புத்தகம் இருக்கா?"ன்னு கேட்டார். நூலகர் சிரிச்சார். "இருக்கு சார். ஆறு மாசமா உங்க வீட்டுலதான் இருக்கு!"

பயிற்சின்னா அது!