டெக்லா ஓடிய தூரம்



கென்ய வீராங்கனை டெக்லா லோரூப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உகாண்டா எல்லையை ஒட்டிய மேற்குப் போகோட் மண்ணில் 1973ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். இருபதுக்கும் மேற்பட்ட உடன்பிறப்புகள். பள்ளிக்கூடம் பத்து கிலோமீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தை ஓடியே கடந்தார். பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்றார் தந்தை; தாய்தான் துணை நின்றார். உயரமும் இல்லை, சதைப்பிடிப்பும் இல்லை என்று தடகளச் சங்கத்தாரும் ஒதுக்கினார்கள். 1988இல் வெறுங்காலோடு ஓடி ஒரு பெரிய போட்டியில் வென்றபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

1994இல் நியூயார்க் மாரத்தானில் முதலிடம்! உலகின் பெரிய மாரத்தான் ஒன்றில் வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே. மறுஆண்டும் அங்கே அவருக்கே வெற்றி. நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சன் 1985இல் படைத்த உலக சாதனையைப் பதின்மூன்று ஆண்டுகளாக யாராலும் அசைக்க முடியவில்லை. 1998இல் ராட்டர்டாமில் 2 மணி 20 நிமிடம் 47 விநாடியில் ஓடி அதை முறியடித்தார் டெக்லா. மறுஆண்டு பெர்லினில் தன் சாதனையிலேயே நான்கு விநாடியைக் குறைத்தார்.

அடுத்து 2000, சிட்னி ஒலிம்பிக். தங்கம் அவருக்கே என்று உலகம் எதிர்பார்த்தது. மாரத்தானுக்கு முந்தைய இரவு, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் உடல் துவண்டுபோனது. ஆனாலும் விலகவில்லை. 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார், பதின்மூன்றாம் இடம். சில நாட்களில் 10,000 மீட்டர் ஓட்டத்திலும் களமிறங்கி ஐந்தாவதாக வந்தார். ஒலிம்பிக் பதக்கம் அவர் கழுத்தில் ஏறவே இல்லை. அதனால் அவர் குறைந்துவிட்டாரா?

இல்லை என்பதற்கு அவர் ஊரே சாட்சி. போகோட், துர்கானா, கரமோஜா மக்களிடையே மாட்டு மந்தைகளைக் கவர்வதில் மூளும் சண்டை பல தலைமுறைப் பகை. முன்பு ஈட்டி ஏந்திய கைகளில் பிறகு துப்பாக்கி வந்தது. 2003இல் தன் பெயரில் அமைதி அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கிய டெக்லா, மோதிக்கொண்ட இனத்தவரை அமைதி ஓட்டங்களுக்கு அழைத்தார். ஒருவரை ஒருவர் குறிபார்த்தவர்கள் ஒரே கோட்டில் தோளோடு தோள் நின்று ஓடினார்கள்.

பிறகு கென்யாவிலுள்ள ககுமா அகதி முகாமுக்குப் போனார். தெற்கு சூடான் போரில் வீடிழந்த இளைஞர்களை ஓடவிட்டுப் பார்த்தார். பலருக்குக் காலில் ஒழுங்கான ஷூ கூட இல்லை. தேர்ந்தவர்களை நைரோபியை அடுத்த கோங் பயிற்சி மையத்தில் தங்கவைத்துப் பழக்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் அகதிகள் அணி களம் கண்டது. பத்துப் பேரில் ஐந்து பேர் அந்த ஓட்டக்காரர்கள். கொடி ஏந்தி முன்னே நடந்த ரோஸ் நதிகே லோகோன்யென் ககுமாவில் வளர்ந்த பெண். அந்த அணிக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர் டெக்லா.

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே! சாதனைகள் முறியடிக்கப்படும், டெக்லாவின் நேரத்தையும் 2001இலேயே முறியடித்துவிட்டார்கள். அவர் கைதூக்கிவிட்டவர்களின் வாழ்வை எந்தக் கடிகாரமும் அழிக்காது. எனவே ஒரு பிள்ளையை உயரம் போதாது, எடை போதாது என்று ஒதுக்கும் முன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பிள்ளைகளே, நீங்கள் ஜெயித்து வந்தபின் உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு வழிவிடுங்கள், அவரையும் ஓடவையுங்கள்.