பாடத்தை அறியுமுன் பிள்ளையை அறிக
(ராபர்ட்சன்பேட்டையில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் கல்வியைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வாழ்கின்றோம். எனினும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் என்னும் உரிமையும், ஓய்வு நேரத்தில் கற்ற சில நூல்களின் துணையும் இருத்தலால், 'கல்வி உளவியலும் ஆசிரியரும்' என்னும் பொருள் பற்றி உங்கள் முன் பேசத் துணிந்தோம்.

கல்வி உளவியல் என்பது யாது? முன்னாளில் இதனை மனோதத்துவம் என்றும், உளநூல் என்றும் வழங்கினர். பிள்ளையின் உள்ளம் எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு கற்கின்றது, எவ்வாறு மறக்கின்றது, எதனால் ஊக்கம் கொள்கின்றது, எதனால் அஞ்சி ஒடுங்குகின்றது என்பவற்றை நேரிற் கண்டும் சோதித்தும் அறிந்து, அவ்வறிவைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்துவதே இத்துறை. மண்ணின் குணம் அறியாமல் உழவன் விதைப்பதில்லை. உடலின் நிலை அறியாமல் மருத்துவன் மருந்து தருவதில்லை. பிள்ளையின் உள்ளம் அறியாமல் பாடம் நடத்துதல் மட்டும் எங்ஙனம் பொருந்தும்?

நம்மிரு மாநிலங்களுக்கும் இத்துறை புதியதன்று. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டிலேயே உளவியல் துறை தோன்றியது. இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்ற எம். வி. கோபாலசுவாமி அதனை நடத்தினார். 1935இல் மைசூரில் 'ஆகாசவாணி' என்னும் வானொலி நிலையத்தைத் தம் இல்லத்திலிருந்தே தொடங்கியவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியல் துறை அமைந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் ஜி. டி. போவாஸ். இன்று ஆசிரியர் பயிற்சி பெறுவோர் யாவரும் இப்பாடத்தைப் படித்தே தேறுகின்றனர். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும் உரியவை. ஆனால் தேர்வுக்குப் படித்தது தேர்வு மண்டபத்தோடு நின்றுவிட்டால் யாருக்கு என்ன பயன்? வகுப்பறைக்குள் அது வந்ததா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. அவ்வகுப்பில் 'மக்கு' என்னும் சொல் எத்தனை முறை ஒலிக்கின்றது என்று கேட்டால் போதும்.

அன்பர்களே! 'மக்கு' என்பது மூன்றெழுத்துச் சொல்தான். ஆயினும் ஒரு பிள்ளையின் வாழ்வை அடைக்க அது போதும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், படிப்பை விட்டால் நம் பிள்ளைகளுக்கு வேறு பிடிப்பு ஏது? பாட்டனார் காலத்தில், எழுதத் தெரியாதவனுக்கும் சுரங்கத்தில் வேலை இருந்தது. இன்றோ, விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்பும் தந்தையர் எத்தனை பேர்! அவர்கள் தம் பிள்ளைகளின் விழித்த முகத்தைக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில்தான். அத்தகைய பிள்ளைக்குப் பகல் முழுதும் தாயும் தந்தையுமாய் இருப்பவர் ஆசிரியர். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் வரமாகவும் ஆகலாம், சாபமாகவும் ஆகலாம்.

அறிவை அளக்கும் சோதனை எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம். பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே என்பவர், சைமன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் முப்பது சிறு பணிகள் கொண்ட சோதனையொன்றை அமைத்தார். பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுள் தனி உதவி வேண்டுவோர் யாவர் எனக் கண்டுகொள்வதே அதன் நோக்கம். ஒதுக்கித் தள்ளுவதற்காக அவர் அதனைச் செய்யவில்லை. அறிவு என்பது பிறப்பிலேயே அளந்து கொடுக்கப்பட்ட பொருள், அது கூடாது என்று கூறுவோரை 1909இல் தாம் எழுதிய நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் தீர்ப்பும் வளரும் என்பது அவர் கொள்கை. ஆனால் பின்வந்தோர் பலர் அந்த அளவுகோலையே முத்திரைக் கட்டையாக்கிப் பிள்ளைகளின் நெற்றியில் குத்தினர்.

அச்சோதனையைக் கன்னடம், மராத்தி ஆகிய மொழிகள் பேசும் பிள்ளைகளுக்கேற்ப அமைத்தவர் தார்வாரில் பணியாற்றிய வி. வி. காமத் என்பவர். அவரது நூல் 1940இல் வெளிவந்தது. 'பினே–காமத் சோதனை' என்னும் பெயரால் அது இன்றும் நம் நாட்டில் வழங்குகின்றது. அயல்நாட்டுக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தல் போதாது. இங்குள்ள பிள்ளையின் வாழ்க்கைக்கும் மொழிக்கும் ஏற்ப மாற்றிச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள். இவ்வுண்மை தங்கவயலில் வாழும் நமக்கு மிக வேண்டியது. வீட்டில் தமிழே பேசும் சிறு பிள்ளையைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வினவினால், அவ்வினா அளப்பது அறிவையா, மொழிப் பழக்கத்தையா?

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். தமிழில் ககரம் ஒன்றே. அது சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். கன்னடத்தில் அவ்விடத்திற்கு நான்கு தனி எழுத்துகள் உள்ளன. சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவற்றிற்கும் அங்ஙனமே. தமிழ் கேட்டு வளர்ந்த செவி அந்நான்கையும் உடனே பிரித்தறிவதில்லை. ஆகவே நம் பிள்ளை ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்தை எழுதிவிடுகின்றது. அதனைக் கவனக்குறைவு என்று கருதும் ஆசிரியர் அடிக்கின்றார். உளவியல் கற்ற ஆசிரியரோ, முன் கற்றது பின் கற்பதில் குறுக்கிடுகின்றது என்று உணர்ந்து, அவ்வொலிகளைத் தனித்தனியே செவிக்குப் பழக்குகின்றார். பிழை ஒன்றே, பார்வைதான் இரண்டு.

குறுக்கிடும் தாய்மொழியே கைகொடுத்தும் உதவும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, நம் பல் அங்கே ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு. சொல்லின் முதலில் நிற்கும் பகரம் பல சொற்களில் ஹகரமாகும் என்னும் இவ்வொரு வழியைக் காட்டிவிட்டால், பிள்ளை ஒரு நாளில் பத்துச் சொற்களைத் தானே கண்டுபிடித்து மகிழும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது ஆசிரியப் பயிற்சியின் பழைய பாடம். தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிந்தது தமிழே. அதனை வாயிற்படியிலேயே விட்டுவிட்டு வா என்று சொன்னால், தெரிந்தது எதிலிருந்து தொடங்குவது?

அடுத்து, உழைப்பாளர் குடியிருப்பில் பிறந்த கல்விமுறையொன்றைக் குறிப்பிடல் வேண்டும். இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளே அங்கு மாணவர். நம் சுரங்க லைன்களை அறிந்தவர்களுக்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. அப்பிள்ளைகளுக்குக் கையால் தொட்டு அறியும் பொருள்களைக் கொடுத்து, அவர்கள் தாமே கற்கும்படி விட்டு, அருகிருந்து உற்று நோக்கினார் அம்மையார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டி எழுத்தறிவது அவர் முறைகளுள் ஒன்று. மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிகளை இது நினைவூட்டுகின்றதன்றோ?

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியபோது, பகை நாட்டவர் என்னும் காரணத்தால் அரசாங்கம் அவர்மீது கட்டுப்பாடு விதித்தது. எனினும் அவர் பணி நிற்கவில்லை. கோடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாய்க் கலந்து பயில்வதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதையும் ஆராய்ந்தார். மூத்த மாணவனைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் வழக்கமும் நம் நாட்டில் பழையதே. சென்னை ஆண் அனாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் இம்முறையைக் கையாண்டு, அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது.

இனி, மறதியைப் பற்றி ஒரு சொல். எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளைக்குள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும் மறந்துபோவதாக அவர் கண்டார். பொருளுணர்ந்து கற்றது இத்துணை விரைவில் மறவாது. எனினும், நேற்று நடத்திய பாடத்தை இன்று மறந்த பிள்ளை குற்றவாளியன்று, மனித இயல்பினன் என்பது இதனால் விளங்கும். ஒரே நாளில் பத்து முறை படிப்பதினும், நாள் இடைவிட்டுச் சில முறை நினைவு கூர்தல் நிலைக்கும் என்பதும் அவ்வாராய்ச்சியின் பயன். தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் விழிக்கச் செய்யும் பெற்றோர் இதனைக் கருத்தில் வைப்பாராக.

ஆசிரியரின் எண்ணமே பிள்ளையை வளர்க்கும் என்பதற்கு 1968இல் அமெரிக்காவில் ரோசெந்தல், ஜேக்கப்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று புகழ் பெற்றது. ஒரு பள்ளியில் ஐந்தில் ஒருவராகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாற்போலச் சிலரைப் பொறுக்கி, இவர்கள் இவ்வாண்டு நன்கு முன்னேறுவர் என்று ஆசிரியர்களிடம் கூறினர். ஆண்டிறுதியில், முதலிரு வகுப்புகளில் இருந்த அப்பிள்ளைகள் ஏனையோரினும் மிகுதியாக முன்னேறியிருந்தனர். அம்முன்னேற்றத்தின் அளவு பற்றிப் பின்வந்தோர் வாதிட்டனர். ஆயினும், எதிர்பார்ப்பு ஆசிரியரின் குரலிலும் முகத்திலும் புகுந்து பிள்ளையைத் தொடுகின்றது என்பதை எந்தத் தாயும் அறிவாள்.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு ஓர் உவமை எளிதில் தோன்றும். சிக்னல் கிடைக்காமல் நிலையத்திற்கு வெளியே நிற்கும் வண்டியைக் கண்டு, எஞ்சின் கெட்டது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. தடை எங்கே என்று கேட்கின்றனர். பார்சலின் மீது லேபிளைத் தவறாக ஒட்டினால், உள்ளே தங்கமே இருப்பினும் அது தவறான ஊருக்கே போய்ச் சேரும். பிள்ளைக்கு லேபிள் ஒட்டுமுன் ஆசிரியர் ஐந்தினைப் பார்த்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கரும்பலகை தெரிகின்றதா? அழைத்தும் திரும்பாதவனுக்குக் காது கேட்கின்றதா? காலையில் வயிற்றுக்கு ஏதேனும் கிடைத்ததா? சொல்லும் மொழி விளங்குகின்றதா? வீட்டிலோ பள்ளியிலோ அச்சம் ஏதும் உண்டா? இவ்வைந்தையும் பார்ப்பதற்குக் கருவி வேண்டா, பணம் வேண்டா. பத்து நிமிடமும் கனிந்த பார்வையும் போதும். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று உணர்ந்தே காமராசர் 1956இல் சென்னை மாநிலத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார். அடியும் மனத்துன்பமும் கல்விக்குப் பகை என்று உணர்ந்தே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அவ்விரண்டையும் பள்ளியில் தடை செய்தது.

இவை யாவற்றையும் பார்த்த பின்னும் மெல்லக் கற்கும் பிள்ளைகள் இருப்பர், மறுக்கவில்லை. அவர்களுக்கும் வழியுண்டு. தனியே செய்ய இயலாததைப் பிறர் துணையோடு செய்ய இயன்றால், அதுவே நாளை அப்பிள்ளை தனியே செய்யப்போவது என்றார் ருஷ்ய நாட்டு வைகாட்ஸ்கி. ஆகவே, இவனுக்கு என்ன தெரியாது என்பதோடு நில்லாமல், எவ்வளவு துணை கொடுத்தால் இவன் செய்வான் என்று கேட்பதே ஆசிரியரின் திறம்.

பெற்றோர்களே! ஆசிரியர்மீது மட்டும் பாரத்தை ஏற்றுதல் முறையன்று. ஒரு வகுப்பில் பலர், ஆசிரியரோ ஒருவர். நம் பிள்ளையைப் பற்றி நாம் அறிந்ததை அவரிடம் சென்று சொல்லுதல் நம் கடமை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தூற்றுவதையும், உறவினர் முன் 'இது தேறாது' என்று கூறுவதையும் இன்றோடு விடுவோம். இக்குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படிப்போர் பலர் உள்ளனர். அவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்க, சங்கம் தன் கூடத்தைத் திறந்துவைக்குமாயின், கற்போர்க்கும் நன்மை; கற்பிப்போர்க்கு அதனினும் நன்மை.

நம் முன்னோர் பல்லாயிரம் அடி ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்துப் பொன்னெடுத்தனர். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்னே கிடைத்தது. அதற்காகவும் அப்பாறையை அவர்கள் வீணென்று எறிந்தாரல்லர். அப்பொறுமையுடையோர் வழிவந்த நாம், நம் பிள்ளைகளிடத்தும் அதனைக் காட்டுவோமாக.