தாளமும் காலடியும்
(அமிர்தியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



 

ஆம்பூர் செருப்புக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வீடு திரும்பினால் ஏழு வயது மகன் கைகளை உதறிக்கொண்டே இருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "பேய் பிடித்திருக்கிறது" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அல்ல, அது ஆட்டிசம். 1943-இல் டாக்டர் லியோ கானர் இதை விவரித்தார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. தாயின் குற்றமும் அல்ல, சாபமும் அல்ல.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தரலாமா என்று கேட்கிறீர்கள். திருவிழாவில் மேளத்துக்கு ஏற்பச் சிலம்பம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேசில் நாட்டின் கப்போயிராவிலும் பாட்டு, வாத்தியம், சண்டைக்கலை மூன்றும் ஒன்றாகவே நடக்கின்றன. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் இப்பிள்ளைகளில் பலர் அமைதியடைவார்கள். தாளம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஈரானில் 30 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு பிரிவினர் 14 வாரம் கராத்தே அடவுகள் பழகினார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் அவர்களிடம் குறைந்தன. பயிற்சி நின்று ஒரு மாதமான பின்பும் அந்தப் பலன் இருந்தது. ஆனால் ஆய்வு சிறியது. இசை சிகிச்சையைப் பற்றி ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வோ, ஆட்டிசத்தின் கடுமை அதனால் குறையவில்லை என்று 2017-இல் அறிவித்தது. ஆகவே, "இது குணமாக்கும்" என்று சொல்லி உங்கள் காணிக்கையைக் கேட்க மாட்டேன். பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு இதற்கு வரவும் வேண்டாம்.

பின் ஏன் செய்ய வேண்டும்? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட இவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை. இங்கே ஓர் இடம் கிடைக்கிறது.

முதலில் கம்பு வேண்டாம். கைதட்டி நான்கு எண்ணி, நான்கு அடி முன்னே, நான்கு அடி பின்னே. மேளச் சத்தம் சில பிள்ளைகளின் காதுக்கு வேதனை தரும். மெல்லத் தட்டினால் போதும். காதைப் பொத்தினால் உடனே நிறுத்த வேண்டும். கம்பு பிறகு வரட்டும். அதுவும் இலேசானதாக, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் அருகில் இருக்க. பிறரை அடிக்க அல்ல, தன் உடலை ஆள இந்தப் பயிற்சி. மேடையேற்றிக் கைதட்டல் வாங்கவும் அல்ல.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. இரைச்சலற்ற ஓர் அறை, பொறுமையுள்ள ஆசான், வாரந்தோறும் தவறாமல் வரும் உதவியாளர் போதும். உங்கள் சபையில் அப்படி ஓர் அறை இருக்கிறதா? உங்களில் ஒருவர் வருவீர்களா?

அந்தத் தாய் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து, தன் மகனின் காலடி தாளத்தோடு சேர்வதைப் பார்க்கட்டும்.