மலைப்பாதை பைக்குக்கு எந்த ஸ்பிரிங்?

(நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பு பார்க்கிங்கில் இப்போது ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற பைக்குகள் நிற்கின்றன. வார நாளில் சேலை மூட்டையோடு திருத்தணி, ஞாயிற்றுக்கிழமை நகரி மலைப்பக்கம் என்று ஓடுகின்றன. "பின்பக்கம் ரொம்ப அமுங்குது, ஹெவி ஸ்பிரிங் போடலாமா?" என்று தம்பிகள் கேட்கிறீர்கள். காசு கொடுக்கும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள் என்பதே என் பதில்.

இது சொகுசு விஷயம் மட்டும் அல்ல. பின்பக்கம் அதிகம் அமுங்கினால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசும். பள்ளத்தில் ஷாக் அப்சார்பர் அடிதட்டி, பின்னால் இருப்பவரின் முதுகைப் பதம் பார்க்கும். ஸ்பிரிங் விறைப்பு மிகுந்தாலோ, ஜல்லியில் சக்கரம் துள்ளும், பிரேக் பிடிக்காது.

வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன். நட்டைத் திருகி இறுக்குகிறோமே, அந்த 'ப்ரீலோட்' கணக்கு தொடங்கும்போது போடும் முதல் தொகை மாதிரி. ஸ்பிரிங்கின் விறைப்பு, அமுங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கட்டும் தவணை. நட்டை இறுக்கினால் முதல் தொகைதான் கூடும், தவணை மாறாது. தவணை மாற வேண்டுமென்றால்தான் புது ஸ்பிரிங்.

அளப்பது எளிது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே பாடியில் ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். அடுத்து வண்டி தானாக நிற்கும்போது ஒரு அளவு. கடைசியாக, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு நீங்கள் உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

பழைய 411 சிசி ஹிமாலயனின் பின்சக்கரம் 180 மி.மீ. வரை மேலும் கீழும் போகும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மி.மீ., ஆள் ஏறியதும் அமுங்க வேண்டும். முதலில் நட்டைத் திருகி இதைச் சரிசெய்யுங்கள். பிறகு ஆள் இறங்கிய வண்டியைப் பாருங்கள். அது தன் எடையில் 15 முதல் 25 மி.மீ. அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம், செலவே வேண்டாம். கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் விறைப்பு என்று நினைக்காதீர்கள். அது மெலிந்த ஸ்பிரிங். அளவுக்கு மீறி இறுக்கியதால் அப்படி நிற்கிறது. அப்போதுதான் கூடுதல் விறைப்புள்ளது வாங்க வேண்டும். 25-க்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்கு மிஞ்சியது.

வாங்கும்போது மூன்று எச்சரிக்கை. கம்பி 10 சதவீதம் தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் கூடும். அதனால் கண்ணால் பார்த்து வாங்காமல், அதில் குறித்துள்ள எண்ணைக் கேளுங்கள். சுற்றை வெட்டிக் குட்டையாக்க விடாதீர்கள். ஸ்பிரிங் விறைப்பாவதோடு வண்டியும் தாழும். விறைப்பான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி உதைக்கும். உள்ளே இருக்கும் ஆயில் டேம்பர் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டேப், ஒரு நோட்டு, உதவிக்கு ஒருவர். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அளந்த பிறகு கடைக்குப் போகலாம்.