பொது சுகாதாரப் படிப்பு: யாருக்கு, எதற்கு?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம் பிள்ளைகள் பலர் இன்று பட்டதாரிகள். நர்ஸிங் படித்தவர்கள் உண்டு, பி.எஸ்ஸி. முடித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் "எம்.பி.எச். படிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் அது. சாதாரணமாக இரண்டு வருஷப் படிப்பு. நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். ஆனால் அந்தப் படிப்பு எதைப் பற்றியதோ, அதை மில்லிலும் வயலிலும் நாம் தினமும் அனுபவிக்கிறோம். ஆகவே பேச நமக்கு உரிமை உண்டு.

"படித்தால் டாக்டராகலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆக முடியாது. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. பின் எதற்கு?

கார்டிங்கில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மூச்சு இறுகுகிறது. வைத்தியர் மருந்து தருகிறார். குடித்துவிட்டு, மறுபடி அதே தூசிக்குள் போகிறார். பொது சுகாதாரம் படித்தவர் வேறு கேள்வி கேட்பார். எந்தக் கிழமை இறுகுகிறது? எந்த இலாகாவில் எத்தனை பேருக்கு? லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசி நோயின் முக்கிய அடையாளம். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ஷில்லிங் என்ற வைத்தியர், தொழிலாளரை இப்படிக் கேட்டுத்தான் நோயைப் படிப்படியாக வகைப்படுத்தினார். எக்ஸ்ரே படத்தில் தனி அடையாளம் காட்டாத நோய் அது. கேள்வியும் கணக்கும் அதைப் பிடித்தன. நம் நாட்டிலும் நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. கணக்கெடுக்க ஆளில்லாவிட்டால், சட்டம் காகிதத்தில்தான் கிடக்கும்.

வயலைப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் நிற்கிறோம். காலிலுள்ள வெட்டுக்காயம் வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழைகிறது. ஒருவருக்கு வந்தால் காய்ச்சல் என்கிறோம். ஒரே வாய்க்காலில் இறங்கிய பலருக்கு வந்தால், அந்த வாய்க்காலைத்தானே விசாரிக்க வேண்டும்?

1854-ல் லண்டனில் பிராட் தெருப் பகுதியில் காலராவால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கிருமியே காரணம் என்று உலகம் ஏற்காத காலம். ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் வீடு வீடாக விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்குள்ளாகவே தணியத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தண்ணீர்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியம் கிடைத்தது. அந்த ஸ்னோ ஒரு கூலித் தொழிலாளியின் மகன்!

ஆகவே படிப்பு நல்ல படிப்பு. அதற்காக வீட்டை அடகு வைத்துவிட்டுச் சேராதீர்கள். முதலில் நான்கு விஷயங்களை விசாரியுங்கள்.

ஒன்று: உங்கள் பட்டத்துக்கு அங்கே இடமுண்டா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1997-ல் இந்தப் படிப்பைத் தொடங்கியது. அங்கே வைத்தியரல்லாத பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். எல்லா இடத்திலும் விதி ஒன்றல்ல.

இரண்டு: முழுச் செலவு என்ன? சர்க்கார் நிறுவனத்தின் கட்டணத்தையும் தனியார் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஹாஸ்டல், சாப்பாட்டையும் சேருங்கள்.

மூன்று: முடித்தபின் வேலை எது? தமிழ்நாட்டு சர்க்காரின் சுகாதார அதிகாரி பதவி எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு உரியது. மற்றவர்களுக்கு ஆராய்ச்சித் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒப்பந்த வேலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கே முன்பு படித்த நாலு பேரைத் தேடிப்பிடித்து, இன்று என்ன செய்கிறார்கள், என்ன சம்பளம் என்று கேளுங்கள். விளம்பரத் தாளை நம்பாதீர்கள்.

நான்கு: சேரியிலும் கிராமத்திலும் மில்லிலும் இறங்கி விசாரிக்கும் பயிற்சி உண்டா? நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிவிவரம் மட்டும் கற்றால் பாதிப் படிப்புதான்.

முடிந்தால், சேருமுன் ஓரிரு வருஷம் சுகாதாரத் துறையில் வேலை பாருங்கள். இது நமக்கு ஒத்துவருமா என்பது அப்போது தெரிந்துவிடும். பணமும் கொஞ்சம் சேரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "டாக்டர் இல்லையென்றால் எதற்கு?" என்று பிள்ளையின் ஆசையை வெட்டிவிடாதீர்கள். பஞ்சுத் தூசியை நாற்பது வருஷம் மூச்சில் இழுத்தவனின் மகள், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அறிவாள். அந்தக் கேள்வியை நிர்வாகமும் சர்க்காரும் தட்டிக்கழிக்க முடியாத கணக்காக்கும் வித்தையை அவள் கற்றுவரட்டும்!