மாத்திரைக்கும் ஒரு காலம் உண்டு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது, "தைராக்ஸின் குறைந்தால் குழந்தைகளுக்குக் கிரிட்டினிசம் வரும்" என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சுரப்பிக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "சார், மாத்திரை கொடுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள். "ஏம்மா கேக்குற?" என்றேன். "தம்பிக்கு நாலு வயசுலதான் கண்டுபிடிச்சாங்க சார்" என்றாள். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன்.

1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர், தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை வளர்ந்து பெரிதாகும் முன்பே கால் முளைத்து, வால் சுருங்கி, மிகச் சிறிய தவளைகளாகிவிட்டன. எந்த மாற்றம் எப்போது நிகழ வேண்டும் என்பதையே இந்த ஹார்மோன் தீர்மானிக்கிறது.

மூளைக்கும் அப்படித்தான். எலிக்குட்டியின் மூளை, பிறந்த முதல் சில வாரங்களில் வேகமாக வளர்கிறது. அப்போது தைராய்டைத் தடுக்கும் மருந்து கொடுத்தால், சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் சரியாகக் கிளை விடுவதில்லை. நரம்பிழைகளின் மேல் மையலின் உறை உருவாவதும் தாமதமாகிறது. தொடக்க நாட்களிலேயே தைராக்ஸின் கொடுத்தால் பாதிப்பு பெருமளவு நீங்குகிறது. காலம் கடந்து கொடுத்தால் உடல் தேறினாலும், மூளை இழந்தது முழுமையாகத் திரும்புவதில்லை. மருந்து ஒன்றுதான், கொடுக்கும் வயதுதான் வேறு.

மனிதக் குழந்தைக்கு இந்தக் காலம் கருவிலேயே தொடங்குகிறது. முதல் மாதங்களில் சிசு, தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அயோடின் கலந்த உப்பு அவசியம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம் குறைபாட்டைக் காட்டிவிடும். இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள்.

மறுநாள் அந்த மாணவியிடம் உண்மையைச் சொன்னேன்: "முழுசா சரியாகாம போகலாம்மா. ஆனா மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. தம்பி வளரவும் சுறுசுறுப்பா இருக்கவும் அது வேணும்."

நண்பர்களே, நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனச் சோர்ந்து, மறதியோடு, உயரமும் கூடாமல் இருந்தால் 'மந்தம்' என்று முத்திரை குத்தாதீர்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பிந்தைய வயதில் வரும் குறைபாடு பெரும்பாலும் மாத்திரையில் சரியாகும். அந்தப் பாடத்தை நடத்தும்போது, அந்த ஒரு வரியோடு நகர்ந்துவிடாதீர்கள். நம் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள்தாம் நாளைய தாய்மார்கள்.